பிளாட்பார மரத்தடியில் பன்னிரண்டு செடி

சென்னையில் ஏதாவது ஒரு தெருமரத்தின் அடியைக் குனிந்து பாருங்கள். மூன்றுக்கு மூன்று அல்லது நான்குக்கு நான்கு அடிச் சதுரம், சுற்றிலும் சிமென்ட் கல். உள்ளே இருக்கிற மண் மிதிபட்டு மிதிபட்டு இறுகிக் கிடக்கும். அதன்மேல் டீ கப், டைல்ஸ் துண்டு. வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் குப்பையில் போடவும் மனம் வராமல் யாரோ சாய்த்துவிட்டுப் போன, கண்ணாடி உடைந்த சாமி படம். இந்த இடத்தில் தாராளமாகச் செடி வளர்க்கலாம். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் பாத்தி போடுகிற முறை இங்கே உதவாது. அப்படிச் செய்தால் செடி பிழைக்கும், மரம் நோகும்.

மரம் தண்ணீரையும் சத்தையும் இழுக்கிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள ஒன்று, ஒன்றரை அடி மண்ணிலேயே ஓடுகிறது. சுற்றிலும் தாரும் கான்கிரீட்டும் இருக்கும் தெருவில் அந்த வேர்களுக்குக் காற்று போகிற ஜன்னல் இந்தச் சதுரம்தான். மண்வெட்டியால் கொத்திப் புரட்டினால் அறுபடுவது அந்த வேர்கள். மேலே அரை அடி செம்மண் கொட்டினால் அடைபடுவது அந்த ஜன்னல். அதனால் இந்த வேலையில் கொத்தலும் இல்லை, மண் நிரப்புவதும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. சின்னக் குழி, சின்னச் செடி, மேலே சருகு. அவ்வளவுதான்.

தொடங்கும் முன்

தெருமரம் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பது. வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம், தினமும் காலையில் அந்தத் தெருவைப் பெருக்குகிற தூய்மைப் பணியாளரிடம் பேசுவது. அவருக்குத் தெரியாமல் நட்டால், நீங்கள் போட்ட சருகு மறுநாளே குப்பை வண்டியில் போயிருக்கும். மரத்தடியில் இஸ்திரி வண்டியோ பூக்கடையோ இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க அங்கே இருக்கிற ஆள்தான் செடிக்குக் காவல்.

அடிமரம் வரைக்கும் கான்கிரீட் போட்டிருந்தால் நீங்களே டிரில் மெஷின் வைத்து உடைக்க வேண்டாம். 1913 எண்ணில் மாநகராட்சிக்குச் சொல்லி எடுக்க வையுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு இட்ட உத்தரவில், அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அது டெல்லிக்கான உத்தரவுதான் என்றாலும், எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பேசும்போது கைகாட்ட நல்ல அளவு.

பக்கத்தில் ஈபி பில்லர் பாக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளாட்பாரத்துக்கு அடியில் மின்கேபிள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். கடப்பாரை இந்த வேலைக்கு எந்த இடத்திலும் தேவையில்லை. ஈபி பெட்டி பக்கத்தில் இருந்தால் கடப்பாரையைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

வைத்து மூன்று வருஷம்கூட ஆகாத இளம் மரம் என்றால் தோட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். அதன் வேர் இன்னும் அந்தச் சதுரத்தைத் தாண்டவில்லை. செடியும் அதுவும் ஒரே தண்ணீருக்குப் போட்டி போடும். குறிப்பாகக் கொரியன் புல் வேண்டவே வேண்டாம். பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். உள்ளே மரத்தின் தண்ணீரையும் தழைச்சத்தையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

மண்ணுக்கு ஒரு பக்கெட் சோதனை

குப்பையைக் கையால் பொறுக்கிவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிஷத்துக்குள் உள்ளே போனால் நேரே நடலாம். ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் மண் இறுகியிருக்கிறது. இரண்டு வாரம், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

தி.நகர், அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் களிமண். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் கடற்கரை மணல். மணலில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். களிமண்ணில் உள்ளேயே போகாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மக்கிய பொருள். களிமண்ணை இளக்குகிறேன் என்று இரண்டு பாண்டு மணல் கலந்துவிடாதீர்கள். கொஞ்சம் மணல் சேர்ந்த களிமண் வெயிலில் செங்கல்லாகவே ஆகிவிடும்.

இறுகிய மண்ணுக்குச் செய்ய வேண்டியது இது. சதுரம் முழுக்க நனைய ஒரு பக்கெட் தண்ணீர். மறுநாள், மண் ஈரமாக ஆனால் கையில் ஒட்டாமல் இருக்கும்போது, களைக்கொத்தால் மேல் ஓர் அங்குலத்தை மட்டும் கீறிவிடுங்கள். அடிமரத்திலிருந்து ஓரடிக்குள் கீறவே வேண்டாம். அதன்மேல் அரை அங்குலம் நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம். அதற்கும் மேல் இரண்டு அங்குலச் சருகு. வாரம் இரண்டு முறை தண்ணீர். இருபது நாளில் சருகை விலக்கிப் பார்த்தால் மண் கருத்துப் பொலபொலத்திருக்கும். மண்புழு தென்பட்டால் உழவு வேலையை அது பார்த்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

கட்டட ரப்பிஷ் புதைந்திருந்தால் தளர்ந்து வருவதை மட்டும் எடுங்கள். வேர் சுற்றிப் பிடித்திருக்கிற ஜல்லியை இழுக்காதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்.

எத்தனை செடி

கணக்கு எளிது. நான்குக்கு நான்கு என்றால் 16 சதுர அடி. மரத்தின் தடிமன் ஓரடி என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி ஓரடி சும்மா விட வேண்டும். ஆக மூன்றடி வட்டம், சுமார் 7 சதுர அடி, மரத்துக்கு. மீதி 9 சதுர அடி. அதுவும் பெரும்பாலும் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலைக்கு மூன்று செடி, முக்கோணமாக, ஒன்றுக்கொன்று முக்கால் அடி தள்ளி. மொத்தம் பன்னிரண்டு. மூன்றடிச் சதுரத்தில் மூலைக்கு ஒன்று வைத்தாலே நிறைந்துவிடும்.

இந்த 9 சதுர அடிக்கு அரை அங்குல உரம் என்பது பத்துப் பதினோரு லிட்டர், பக்கெட்டில் முக்கால். இரண்டு அங்குலச் சருகு சுமார் 40 லிட்டர், ஒரு கோணி.

மரத்தை ஒட்டி ஓரடி ஏன் விட வேண்டும்? அடிமரம் மண்ணில் இறங்கும் இடத்தில் விரிந்து தூர் கட்டியிருக்கும். அந்தத் தூர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே மண்ணோ சருகோ ஏறினால் பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும், கரையான் ஏறும். விளக்குக் கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் போகிற மரத்தைப் பார்த்தால் ஏற்கெனவே யாரோ மண் கொட்டி மூடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த மண்ணைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, தூரை வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை.

என்ன செடி

மரத்தின் நிழலைப் பார்த்துத்தான் செடி. புங்கை, மகிழம் இரண்டும் அடர்ந்த நிழல். அதற்குக் கீழே மருள், ரியோ, ஸ்பைடர் பிளான்ட், கச்சோலம் நிற்கும். கச்சோலம் மழை முடிந்ததும் இலை வாடி மண்ணுக்குள் போய்விடும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், அடுத்த மழைக்கு வெளியே வரும். ரியோ இலையை ஒடித்தால் வரும் சாறு சிலருக்கு அரிக்கும்; கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வேம்பு, குல்மொஹர், பெருங்கொன்றை போன்றவற்றின் நிழலில் வெயில் சல்லடையாக விழும். அங்கே கனகாம்பரம், கற்பூரவல்லி, மழை லில்லி. ஒரு பக்கமாவது பாதி நாள் நேர்வெயில் விழுகிறது என்றால் அந்த மூலையில் நித்தியகல்யாணி, பட்டு ரோஸ், துளசி, சோற்றுக்கற்றாழை. நம் தெருக்களில் இன்னொரு கணக்கும் உண்டு, மாடு. நித்தியகல்யாணி, மருள், கற்றாழை மூன்றையும் மாடும் ஆடும் பொதுவாக வாய் வைப்பதில்லை. மாடு நடமாடுகிற தெருவில் ரோட்டுப் பக்க மூலைகளை இவற்றுக்கே கொடுத்துவிடுங்கள்.

வைக்கக் கூடாதவற்றில் முதலிடம் மணி பிளான்ட்டுக்கு. பாட்டிலில் சாதுவாக இருக்கும் அந்தக் கொடி மரத்தில் ஏறியதும் இலை முறம் அளவுக்கு விரியும், பட்டை முழுவதையும் மூடும். உள்ளே பொந்து இருக்கிறதா, கரையான் ஏறுகிறதா என்று யாருக்கும் தெரியாது. மஞ்சள் பூ பூத்துத் தரையில் படர்கிற வெடேலியா வேண்டாம். ஒரு துண்டு வைத்தால் மற்ற எல்லாச் செடியையும் மூடிவிடும். உண்ணிச்செடியும் அப்படியே. செம்பருத்தி, நந்தியாவட்டை மார்பு உயரத்துக்கு வளர்ந்து நடக்கிறவர்களையும் வண்டி ஓட்டுகிறவர்களின் பார்வையையும் மறைக்கும். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வேறு. முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத செடிதான் பிளாட்பாரத்துக்கு. அரளி, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் கூடாது. சாப்பிடுகிற கீரை, காய் எதுவும் இங்கே வேண்டாம்; நாயும் வண்டிப் புகையும் இருக்கிற மண் அது.

நர்சரியில் பெரிய செடியைக் காட்டுவார்கள். அதை வாங்காதீர்கள். பெரிய செடிக்குப் பெரிய குழி, பெரிய குழிக்கு நிறைய வேர் பலி. நான்கு அங்குலக் கவரில் இருக்கிற சின்னதே போதும்.

நடுவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இங்கேயும் சரியாகப் பொருந்துகிறது. ஆடி, ஆவணியில் சாயங்கால மழை ஆரம்பிக்கும். அப்போது நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். அதை விட்டால் அடைமழை முடிந்து தை மாதம். சித்திரை, வைகாசியில் நடுவது செடியை வறுப்பதற்குச் சமம்.

தேவையானது: ஒரு களைக்கொத்து அல்லது பழைய இரும்புக் கரண்டி, எட்டு அங்குல நீளமுள்ள ஸ்க்ரூடிரைவர், ஒரு பக்கெட், கையுறை.

குழி எடுக்கும் முன் அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை நேராக அழுத்துங்கள். மண் என்றால் ஒரே சீராக இறங்கும். கல் என்றால் நறுக்கென்று நிற்கும், சத்தம் வரும். வேர் என்றால் சத்தம் இருக்காது; ரப்பரில் குத்தியதுபோல் கொஞ்சம் எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பு தெரிந்ததும் எடுத்துவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிக் குத்துங்கள். மூன்று, நான்கு இடம் பார்த்தால் எங்காவது நான்கு அங்குல அகலத்துக்கு வழி கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் அந்தச் செடி அந்த மூலைக்கு இல்லை. குல்மொஹர், தூங்குமூஞ்சி மரங்களில் வேர் மேலேயே புடைத்து ஓடுவதால் பன்னிரண்டு என்ற கணக்கு ஐந்தோ ஆறோ ஆகிவிடும். பரவாயில்லை.

குழி நான்கு அங்குல அகலம், ஐந்து அங்குல ஆழம். நூல்போன்ற வேர் அறுந்தால் கவலை இல்லை, மரம் திரும்ப விட்டுக்கொள்ளும். பென்சில் தடிமன் வேரைச் சுற்றிக்கொண்டு போங்கள். கட்டைவிரல் தடிமனுக்கு மேல் இருந்தால் கை வைக்காதீர்கள். மரம் காற்றில் நிற்பதே அப்படிப்பட்ட வேர்களின் பிடியில்தான்.

அடுத்தது பலரும் தவறவிடுகிற விஷயம். நர்சரிக் கவரில் செம்மண்ணை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்த உருண்டையை அப்படியே நட்டால், ஒருமுறை காய்ந்த பிறகு அதற்குள் தண்ணீர் இறங்காது. சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும், செடி மட்டும் வாடும். நடுவதற்கு முன் கவரோடு பக்கெட் தண்ணீரில் கால் மணி நேரம் அமுக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, கவரைக் கிழித்து, உருண்டையின் வெளிப்பக்க மண்ணை விரலால் உதிர்த்துவிடுங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் பிரித்துவிடுங்கள். கவரைக் குழியில் விட்டுவிடாதீர்கள். சொல்லவே தேவையில்லாத விஷயம்தான். ஆனால் பிளாட்பார மண்ணைக் கிளறினால் எத்தனை கறுப்புக் கவர் வருகிறது பாருங்கள்.

கவரில் எந்த மட்டம் வரை மண் இருந்ததோ அதே மட்டத்தில் நட்டு, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, கையால் மெல்ல அழுத்துங்கள். காலால் மிதிக்க வேண்டாம். குழிக்குள் உரம் எதுவும் போட வேண்டாம். செடிக்கு அரை லிட்டர் தண்ணீர். பிறகு உரத்தையும் சருகையும் மேலே பரப்புங்கள். செடியின் தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். புங்கந்தழை நம் வயல்களுக்குக் காலங்காலமாகத் தழையுரம். உங்கள் மரம் புங்கை என்றால் மண்ணை மூடுகிற சருகு மேலிருந்தே விழுகிறது, வெளியே தேட வேண்டாம். பாதாம் மரமாக இருந்தால் எச்சரிக்கை. அந்தப் பெரிய இலை ஒன்று விழுந்தாலே ஒரு சின்னச் செடி முழுகிவிடும். பொறுக்கி எடுத்துக் கிழித்துப் போடுங்கள்.

வரப்புக்கு இளநீர் மட்டை

சதுரத்தின் ஓரத்தில் ஏதாவது எல்லை வேண்டும். இல்லாவிட்டால் பைக் ஏறும், துடைப்பம் ஏறும். ஆனால் செங்கல் வைத்துப் பூசிக் கட்டினால் பிளாட்பாரத்து மழைநீர் உள்ளே வராது. கட்டுவதற்குத் தோண்டும்போது வேரும் அறும். பூசாமல் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கலாம். பதினேழு, பதினெட்டு கல் பிடிக்கும். என்ன, வண்டிக்கு முட்டுக் கொடுக்க, கடைப் பலகையைத் தாங்க என்று ஒவ்வொன்றாகப் போய்விடும்.

யாரும் எடுத்துப் போகாத பொருள் இளநீர் மட்டை. கடைக்காரரிடம் கேட்டால் சும்மா கிடைக்கும். இரண்டாகப் பிளந்ததை வாங்கி, குழிவான பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, இடையில் இரண்டு அங்குலம் விட்டு வரிசையாக வையுங்கள். மேல் நோக்கி வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு கொசுத் தொட்டி. டெங்குக் கொசு வளர அவ்வளவு தண்ணீரே போதும். மட்டை மெல்ல இற்று உரமாகும். இற்றதை உள்ளே தள்ளிவிட்டுப் புதிது வையுங்கள்.

தண்ணீர்

முதல் இரண்டு வாரம் தினமும், சாயங்காலம், செடிக்கு அரை லிட்டர். அடுத்த ஒரு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரம் இரண்டு முறை, சதுரம் முழுவதும் நனைய 15 லிட்டர் பக்கெட் ஒன்று. அக்னி நட்சத்திர நாட்களில் மறுபடியும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

தூறல் போட்டதே என்று விட்டுவிடாதீர்கள். சிறு மழையை மரத்தின் இலைகளே தாங்கிக்கொள்ளும். அடியில் மண் காய்ந்தே கிடக்கும். தவிர, பக்கத்தில் மரமே உறிஞ்சிக்கொண்டிருப்பதால் இங்கே மண் தொட்டி மண்ணைவிடச் சீக்கிரம் காயும். சருகை விலக்கி விரலை இரண்டு கணு விடுங்கள். ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள்.

அரிசி கழுவிய தண்ணீர், ஏசி சொட்டும் தண்ணீர் இரண்டும் நல்லது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரில் உப்பு அடர்ந்திருக்கும். அதைத் தினமும் ஊற்றினால் இலை நுனி கருகி, சில மாதத்தில் மண்ணின்மேல் வெள்ளையாகப் பூக்கும். கார் கழுவுகிற சோப்புத் தண்ணீர் சதுரத்துக்குள் ஓடிவந்தால் அந்தப் பக்கம் மட்டும் மட்டைகளை நெருக்கி வைத்துத் தடுங்கள்.

கெட்டுப்போகிற இடங்கள்

இலை மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். நித்தியகல்யாணி மழைக்காலத்தில் தண்டு கறுத்துச் சாவது இதனால்தான். தை பிறந்ததும் அந்த இடத்தில் புதிது வையுங்கள். தண்ணீர் சரியாக இருந்தும் கனகாம்பரம் குன்றி, இலை வெளுத்துச் செம்பு நிறமானால் வேரில் நூற்புழு இருக்கலாம். பிடுங்கிவிட்டு அதே இடத்தில் கனகாம்பரத்தையே திரும்ப வைக்காதீர்கள்.

மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடியில் படும்படி தெளிப்பு, வாரம் ஒருமுறை மூன்று தடவை. மழையில் வருகிற பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவினால் நத்தையோடு செடியும் போகும்.

சமையலறைக் கழிவைக் கொண்டுவந்து போட்டால் பெருச்சாளி வரும். அது வேருக்கடியில் வளை தோண்டினால் தோட்டம் இருக்கட்டும், மரத்தின் பிடிமானமே ஆட்டம் காணும். யூரியா, டிஏபி தேவையில்லை. பச்சைச் சாணியும் வேண்டாம், மக்காதது வேரைச் சுடும். சருகைக் குவித்துக் கொளுத்துகிற வழக்கம் உங்கள் தெருவில் இருந்தால் அதை நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் அடிமரப் பட்டை வெந்து, மாதங்கள் கழித்து உரிந்து விழும்.

பறவை போட்ட விதையில் ஆலும் அரசும் முளைக்கும். விரல் உயரத்திலேயே ஈரமண்ணில் பிடுங்கினால் வரும். ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால் வராது.

மழைக்கு முன்னும் பின்னும்

புரட்டாசி கடைசியில், தாழ்வான பக்கத்தில் இரண்டு மட்டையை எடுத்துத் தண்ணீர் வெளியேற வழி வையுங்கள். அந்த நேரத்தில் குழி தோண்டவோ கிளறவோ வேண்டாம். 2016 டிசம்பர் வர்தா புயலில் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மழையில் ஊறிய மண்ணில் வேரின் பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். நாமும் சேர்ந்து தளர்த்தக் கூடாது.

தையில் பழையபடி அரை அங்குல உரம், மேலே சருகு. இதை வருஷம் ஒருமுறை மேலேதான் போட வேண்டும். சில மாதங்களிலேயே மரத்தின் மெல்லிய வேர்கள் அந்த உரத்துக்குள் ஏறி வந்திருக்கும். அதனால் இரண்டாம் வருஷம் கிளறுவது முதல் வருஷத்தைவிடத் தப்பு.

பெருங்காற்று அடித்த மறுநாள் செடிகளைப் பார்க்கும் முன் மரத்தைப் பாருங்கள். மரம் ஒரு பக்கம் சாய்ந்து, அதற்கு எதிர்ப்பக்கம் மண் விரிசல் விட்டோ புடைத்தோ இருந்தால் கிட்டப் போகாமல் 1913-க்குச் சொல்லுங்கள். அடியில் நிறுத்தியிருக்கிற பைக்குக்குச் சொந்தக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.